தூண் நிற்கும் மண்

காலையில் எழுந்ததும் பெஸ்ஸே முகம் கழுவுவதற்கு முன்பே வீட்டுக்கு அடியில் இறங்கித் தூணிடம் போய் நிற்பாள்.

"இன்று உலர்வு. உரிமை தொடர்கிறது," என்றது தூணில் அறைந்திருந்த தூண்மணி. பார்க்கச் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய கருவிதான். குரல் மட்டும் தாசில்தார் குரல்.

"ரொம்ப சந்தோஷம். என் வீட்ல நான் இருக்கலாம்னு சொல்லிட்டே. காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டாள் பெஸ்ஸே. தினமும் கேட்பாள். அது ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இந்தோனேசியாவில் சுலவேசிக்குத் தெற்கே, சலிமோ தீவில் எல்லா வீடுகளும் ஆளுயர மரக்கால்களில் நிற்பவை. அடியில் கடற்பாசி காயும், கோழி மேயும். மேலே மனிதர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் ஒரு தூண் உண்டு. அதை வீட்டின் தொப்புள் என்பார்கள். கரைநில ஆணையத்துக்காரர்கள் தூண்மணியை அறைய வந்தபோது, வேறு இடமே கிடைக்காதது போல அந்தத் தொப்புளில்தான் அறைந்துவிட்டுப் போனார்கள்.

ஆணையத்தைச் சொல்லியும் குற்றமில்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது, மணல் நகர்ந்துகொண்டிருந்தது. நட்ட எல்லைக்கல் அடுத்த ஆண்டு அதே இடத்தில் இருப்பதில்லை. அதனால் தலைநகரத்தில் யாரோ மூளைக்காரர் ஒருவர் மண்ணை அளப்பதை விட்டுவிட்டுத் தூணை அளக்கச் சொன்னார். ஆண்டுக்கொருமுறை கடல் மிக உயர ஏறும் பேரோதம் பொங்கும் நாளில் அளவைக்கண் என்ற செயற்கைக்கோள் தீவின் மேல் வந்து நிற்கும். தொப்புள் தூண் உலர்ந்திருந்தால் அதன் அடிமண் அடுத்த ஆண்டுவரை வீட்டுக்காரருடையது. உப்புநீர் தொட்டால் வீடும் மண்ணும் கடற்பொருள். கடற்பொருள் அத்தனையும் அந்தக் கடலைக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனத்துக்குச் சேரும்.

நிறுவனம் அந்த வீடுகளை இடிக்கவில்லை. வெள்ளையடித்து, குளிர்சாதனம் மாட்டி, அலைக்கு மேலே தூங்க ஆசைப்படும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது. வீட்டை இழந்தவர்களைப் பெருநிலத்தில் அடுக்கக அறைகளுக்கு அனுப்பியது. அங்கே போன ஒருத்தி பெஸ்ஸேக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்: ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான், மழை பெய்கிறதா என்பதைக்கூட போனில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெஸ்ஸேயின் தங்கை தென்ரியின் வீடு போன பேரோதத்தில் கடற்பொருளாகிவிட்டது. தென்ரி அடுக்ககத்துக்குப் போகவில்லை. நிறுவனம் விரிகுடாவின் மணலை உறிஞ்சித் தீவின் வடக்கே பெரிய மேடு ஒன்றைக் கொட்டி, வேலி போட்டு, வெறும் புல் வளர்த்து வைத்திருந்தது. அந்த மேட்டின் வாயிலில் காவலுக்குச் சேர்ந்தாள். அன்றைக்குப் படகுத்துறையில் ஊரே பார்க்க, "கம்பெனி நாய்" என்று பெஸ்ஸே அவளைத் திட்டினாள். அதன்பிறகு அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. திட்டியது தப்பு என்று பெஸ்ஸேக்குத் தெரியும். தெரிந்து என்ன, வாய் வரவில்லை.

பேரோதத்துக்கு முந்தின நாள் ஆணைய அதிகாரி விர்யவான் குடையும் பலகைக் கணினியுமாக வந்தார். கழுவுற மீனில் நழுவுற மீன் ரகம், ஆனால் கெட்டவர் இல்லை. அங்கே அம்மா என்பதற்கு இபு, ஐயா என்பதற்குப் பாக் என்பார்கள்.

"பெஸ்ஸே இபு, நாளைக்கு உங்க தூண் நனையும். கணக்கு அப்படித்தான் சொல்லுது. இப்பவே கையெழுத்துப் போட்டீங்கன்னா கீழ்த்தளத்துல நல்ல அறையா வாங்கித் தர்றேன்."

"நனையாட்டி?"

"நனையாட்டி என்ன, தூண் எங்க உலர்ந்து நிக்குதோ அந்த மண்ணு உங்களுது. சட்டம் அவ்வளவுதான்."

"எங்க நின்னாலுமா, பாக் விர்யவான்?"

"எங்க நின்னாலும்," என்று சிரித்தார் அவர். வீடு எங்கே போய்விடும் என்ற சிரிப்பு அது.

அவர் சிமெண்டு ஊரில் பிறந்தவர். அங்கே வீடு என்றால் வைத்த இடத்தில் இருப்பது. நாம் ஊர் கூடித் தேர் இழுப்போம். சலிமோக்காரர்களின் முன்னோர் ஊர் கூடி வீட்டையே தூக்கியவர்கள். மகள் வாக்கப்பட்ட பக்கம் போக வேண்டுமா, மண் சரியில்லையா, பக்கத்து வீட்டுக்காரனோடு ஒத்துவரவில்லையா, கால்களில் மூங்கில் கட்டித் தோளில் வைத்து நடந்துவிடுவார்கள். கடல் ஏறி நிலம் சுருங்கியபின் தூக்கிப் போக இடமில்லாமல் அந்தப் பழக்கம் நின்றிருந்தது. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாது, யாரும் சொல்லவுமில்லை.

பெஸ்ஸே நேராக, ஊரே மரியாதையாக டாயெங் என்றழைக்கும் பெரியவர் சிதாபாவிடம் போனாள். அந்தக் காலத்தில் வீடு தூக்கும்போது தாளம் சொன்ன குரல் அவருடையது.

"தூக்கலாம்தான். ஆனா ஆளுக்கு எங்க போறது? ஆம்பளைங்க எல்லாம் மணல் உறிஞ்சற கப்பல்ல கெடக்கானுங்க," என்றார் அவர்.

"பொம்பளைங்க இருக்கோமே."

"பொம்பளைங்க பலகாரம் செய்யறது, ஆம்பளைங்க தூக்கறது. வழக்கம் அதுதானே தாயி."

"தூக்கறது தோளு டாயெங், மீசை இல்ல. இந்தத் தடவை பலகாரத்தை நீங்க செய்ங்க."

மறுநாள் விடிந்ததும் பெண்கள் வந்தார்கள். கடற்பாசி வளர்க்கும் கயிறு இழுத்து இழுத்து உரமேறிய தோள்கள். கிழவர்களும் வந்தார்கள். பெஸ்ஸே அரிசிப் பானையையும் கட்டிலையும் வெளியே இறக்கினாள். தூண்களோடு மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டினார்கள். வாழைப்பழத்தைப் பிசைந்து இலையில் அவிக்கும் பாரொங்கோவைச் சிதாபா செய்திருந்தார். கல்லாக இருந்தது. யாரும் குறை சொல்லாமல் மென்றார்கள்.

"பிஸ்மில்லா!" என்று கத்தினார் சிதாபா. "தோளு குடு!"

வீடு எழும்பியது. முதல் எட்டு வைத்ததும் பெஸ்ஸேக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கூரையிலிருந்து பல்லி ஒன்று விழுந்து ஓடியது. மூங்கில் முனகியது, யாரோ ஒருத்தி கெட்ட வார்த்தை சொன்னாள், அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. தெருவெல்லாம் அதுதான் ஒலித்தது.

மேட்டு வாயிலில் சீருடையில் தென்ரி நின்றிருந்தாள். வீடு அவளெதிரே வந்து நின்றது. அதைச் சுமந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. அக்காள் வாய் திறந்தாள். ஓராண்டாகத் தங்கையோடு பேசாத வாய் அது.

"தென்ரி, அன்னிக்குச் சொன்னது தப்பு."

"அதை வீட்டத் தூக்கிட்டு வந்துதான் சொல்லணுமா?" என்றாள் தென்ரி. கண் கலங்கியதை மறைக்கத் தொப்பியை இழுத்துவிட்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "ஆளு, வண்டி, ஆடுமாடு. இந்த மூணையும் உள்ள விடாதேன்னுதான் எனக்கு உத்தரவு. வீடு வந்தா என்ன செய்யணும்னு ஒருத்தரும் சொல்லல."

வாயிலை அகலத் திறந்தாள். சரிவில் ஏற்றி, அதன் உச்சியில் வழியை அடைத்தாற்போல் புல்லில் இறக்கினார்கள். அதற்குமேல் ஓர் எட்டு வைக்க யாருக்கும் தெம்பில்லை.

நடுப்பகலில் பேரோதம் பொங்கியது. காலையில் பெஸ்ஸே நின்ற இடம் இடுப்பளவு கடலாயிற்று. அளவைக்கண் மேலே வந்தது. தூண்மணி எப்போதும்போல் உணர்ச்சியில்லாமல் பேசியது: "உலர்வு. இந்த மண் பெஸ்ஸேயின் உரிமை."

கூச்சல் அடங்கு முன்பே விர்யவான் வியர்க்க வியர்க்க மேடேறி வந்தார். அவர் கத்தவில்லை. வீட்டையும் தூணையும் சுற்றிப் பார்த்தார், பலகையில் என்னவோ தட்டினார், காதுக்கருவியில் நிறுவனத்தோடு பேசினார். பிறகு பெஸ்ஸேயைத் தனியே அழைத்தார்.

"சட்டப்படி நீங்க ஜெயிச்சிட்டீங்க இபு. ஒளிக்க ஒண்ணுமில்ல. நிலைப்பட்டா தரச் சொல்லிட்டாங்க. இனி அளவை கிடையாது, உங்களுக்கு ஆயுசுக்கும் இந்த இடம்தான். ஒரே ஒரு நிபந்தனை. தூணுக்கு இப்பவே, இங்கேயே சிமெண்டு போட்டுடணும். ஆளுங்க கலவையோட கீழ நிக்கறாங்க."

பெஸ்ஸேக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி வந்தது. இனி விடியும்போது எந்தத் தூணிடமும் போய் நிற்க வேண்டாம். அவள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். அது நின்ற இடத்தைப் பார்த்தாள். சரிவின் தலைமாட்டில் குறுக்கே நின்றது வீடு. மேட்டுக்கு ஏற வேறு வழி கிடையாது. இங்கே சிமெண்டு போட்டால் இதற்குப் பின்னால் இன்னொரு வீடு ஏற முடியாது. கீழே, அவள் வீட்டைச் சுமந்து வந்தவர்களின் தூண்களை நீர் நெருங்கிக்கொண்டிருந்தது. தோளில் மூங்கில் தடம் சிவந்திருக்க அவர்கள் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"அளவைக்கண் எப்ப போகும்?" என்று கேட்டாள்.

"ஓதம் இறங்கறவரைக்கும் மேலதான் இருக்கும். ஏன்?"

"சிமெண்டு வேணாம் பாக்."

"யோசிங்க இபு! இந்த இடத்தை விட்டு நகர்த்தினா இந்தப் பதிவு போயிடும். அடுத்த வருஷம் சட்டத்தையே மாத்திடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். நீங்க கெட்டது சொன்னதே இல்ல. உங்க நல்லது எல்லாமே ஒரு ஆளுக்குத்தான் எடம் வெக்குது, அதான் எனக்கு ஒத்துக்கல." அவள் குரல் உயர்ந்தது. "அடுத்த வருஷம் சட்டத்த மாத்தட்டும். அப்ப எதத் தூக்கறதுன்னு அப்ப பாத்துக்கறோம். டாயெங்! தோளு குடுக்கச் சொல்லுங்க. என் வீட்ட ஓரமா, அந்த வேலி மூலைக்குத் தள்ளணும். வழி விடணும்."

தள்ளினார்கள். விர்யவான் குடையை விரிக்க மறந்து வெயிலில் நின்றார். தூண்மணி புது இடத்தில் என்ன சொன்னது என்று கேட்க யாரும் நிற்கவில்லை, எல்லாரும் சரிவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வீடு முதல்ல?" என்று கேட்டார் சிதாபா.

பெஸ்ஸே தங்கையைப் பார்த்தாள். தென்ரி தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"என் வீட்ட விட்டுடு அக்கா. அது கம்பெனியோடது. தூண்மணி பேச்சை நிறுத்தி ஒரு வருஷமாச்சு. தூண் ஒலந்தா அது என்ன சொல்லும்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப கேட்டுப் பாத்துடுவோம்."

வெள்ளையடித்த வீடு ஆழமில்லாத நீரில் நின்றது. மரக்கால்கள் ஆகையால் கடலும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி மூங்கில் கட்டினார்கள். மேலே பால்கனியில் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்த விருந்தாளி எட்டிப் பார்த்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். தென்ரி தன் வீட்டுத் தூணருகே ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாள். பக்கத்து மூங்கிலைப் பெஸ்ஸே பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள்:

"இறங்குறதா இருந்தா இப்பவே இறங்குங்க ஐயா. இல்லேன்னா எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கங்க. வீடு நடக்கப் போகுது!"