லிஃப்டுக்குத் தோண்டிய குழி

கான்கிரீட் ஓரங்களில் காய்ந்து வெளுத்துவிட்டது. நடுவில் மட்டும், ஒரு தலையணை அளவுக்கு, காயவில்லை.

நபீஹா குனிந்து விரலை வைத்தாள். கடலிலிருந்து வரும் டிசம்பர் காற்றில் மாடிப்படிக் கைப்பிடியே தொடமுடியாத அளவுக்குச் சில்லிட்டிருந்தது. அந்த இடம் மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. விரலை முகர்ந்தாள். எண்ணெய் விளக்கை ஊதி அணைத்த வாசனை.

மேலே போய்க் கணவனிடம் சொன்னாள். ஷௌகி சிரித்தார்.

"மழைக்காலம். காய நாளாகும். நீயே அதுமேல உக்காந்து அடைகாக்கவா போற?"

மூன்றாம் மாடியில் அவர் படுக்கையோடு கிடந்தார். பக்கவாதம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது. மற்ற காலில் புண். நாற்காலியோடு தூக்கி இறக்கிய ஆட்கள் ஒருமுறை படியில் தவறவிட்டதிலிருந்து அவர் கீழே போக மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் போனில் சொன்னார். அதனால்தான் லிஃப்ட். மாடிப்படிகள் சுற்றி இறங்கும் நடுவெளியில் அதற்கு ஒரு குழி.

தோண்டிய மேஸ்திரி அதீயாவின் கடப்பாரை வெள்ளைக் கல்லில் பட்டது. கல்லை நகர்த்தினால் இருட்டு. கயிற்றைக் கட்டி, கூலியாள் பகீத்தை டார்ச்சோடு இறக்கினார்கள். கீழேயிருந்து அவன் நபீஹாவைக் கூப்பிட்டுக் கத்தினான்:

"ஹஜ்ஜம்மா, இங்க ஒரு வீடு இருக்கு! அடுப்பெல்லாம் இருக்கு! செவுத்துல பெரிய பெரிய கண்ணோட ஆளுங்களத் தீட்டி வெச்சிருக்கு! அதுக்குக் கீழ இன்னொரு வீட்டுக்குப் படி போகுது!"

"மெதுவாப் பேசுடா, கழுதை" என்றான் அதீயா.

அலெக்சாண்டிரியாவில் மரம் நடத் தோண்டினாலும் யாராவது ராஜா தட்டுப்படுவார். சொன்னால் தொல்பொருள் ஆபீசிலிருந்து வந்து வாசலுக்குச் சீல் வைப்பார்கள். பேரப்பிள்ளைகள் கல்யாணம்வரை கூடாரம் நிற்கும். ஆகவே யாரும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமைவரை காத்திருப்பார்கள். ஆபீஸ் மூடியிருக்கும், தெருவே பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில் கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவார்கள். இவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஊற்றும்முன் மேஸ்திரி குழிக்குள் குனிந்து, "வீட்டுக்காரங்களே, மன்னிச்சுக்குங்க" என்றான். எல்லா மேஸ்திரிகளும் சொல்வதுதான்.

ஞாயிறு மாலை, வாசலைக் கூட்டும்போது, துடைப்பத்தின் ஓசைக்கும் மழைத் தாரையின் ஓசைக்கும் தெருக்கோடியில் டிராம் திரும்பும் கிரீச்சொலிக்கும் அடியில், இன்னொன்று கேட்டது. விரல்முட்டியால் கதவைத் தட்டுவது போல. அவசரமில்லாமல். கீழேயிருந்து.

பகீத்.

வெள்ளிக்கிழமை அடிப்பலகை பொருத்த அவன் மறுபடி உள்ளே இறங்கியிருந்தான். ஊற்றிய நேரத்தில் அவள் மாடியில் ஷௌகிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏறி வந்ததைப் பார்க்கவில்லை. மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

"பகீத் எங்க?"

"சொல்லாம ஊருக்குப் போயிட்டான் போல. அவன் அப்படித்தான்."

"மேல ஏறினானா? நீ பாத்தியா?"

 "பாத்தேன்னு நினைக்கிறேன், ஹஜ்ஜம்மா."

ஷௌகியிடம் சொன்னாள். "உடைக்கணும்."

"உடைச்சா சத்தம். சத்தம் கேட்டா ஆபீஸ் வரும்."

"உள்ள ஒரு ஆள் இருந்தா?"

அவர் கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கட்டின் விளிம்பில் தோல் கருத்திருந்தது.

அவள் உடைக்கவில்லை. திங்களன்று தட்டல் மெலிந்தது. செவ்வாயன்று குனிந்து காதை வைத்தால்தான் கேட்டது. புதனன்று இல்லை. அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை போன் வந்தது.

"ஹஜ்ஜம்மா, பகீத் பேசறேன். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, சட்டுனு கெளம்பிட்டேன். என் ரப்பர் செருப்பு அங்க கெடக்கா?"

"கெடக்குடா! நாசமாப் போறவனே, கெடக்கு!"

சிரித்தாள், திட்டினாள், அவன் அம்மாவை விசாரித்தாள். அக்கம்பக்கத்துக்கு ரவை கேக் செய்து கொடுத்தனுப்பினாள். மாலையில் வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு படியேறப் போனவள் நின்றாள்.

தட்டல் மறுபடி கேட்டது. இப்போது ஓரிடத்திலிருந்து அல்ல.

எதிர்வீட்டு உம் ரிஃபாத் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வானொலி அலறியது. அந்த வீட்டில் அது நின்றதே இல்லை. நபீஹா எப்படிக் கேட்பது என்று தயங்கி நின்றாள்.

"கேக்குதா?" என்றாள் உம் ரிஃபாத், தலை நிமிராமல்.

"உங்க வீட்லயுமா?"

"எந்த வீட்ல இல்ல? எங்க மாமனார் காலத்துல ஊத்தினது. ரேடியோ வாங்கி வை. பழகிடும்."

"என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"உனக்கும் எனக்கும் என்ன வேணும்? மேல ஒரு மாடி. அவங்களுக்கும் அதான்." காயை உரித்த கை நின்றது. "நாங்கல்லாம் மூடி வெச்சிருக்கோம், நபீஹா. நீதான் கதவு வெக்கற."

திரும்பி வந்தவள் ஷௌகியின் கட்டை மாற்றினாள். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்கும்போது அவர் தலையணையைக் கடித்தார். லிஃப்ட்காரர்களை மறுநாளே வரச்சொன்னாள்.

இடித்த ஏதோ பழைய ஓட்டலிலிருந்து வந்த கம்பிக் கூண்டு அது. சக்கர நாற்காலி ஒன்றுதான் அடங்கும். பொருத்தி முடித்தபோது புயல்காற்று தொடங்கியிருந்தது. காலையிலேயே படிக்கட்டு இருண்டு, உப்புமணம் சுவரில் கசிந்து, ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. வாசலில் டாக்சி காத்திருந்தது. ஷௌகி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"மாப்பிள்ளை இறங்கறான். ஒரு குலவை போடேன்."

"வாயை மூடிட்டுக் கையை உள்ள வைங்க."

ஆனாலும் போட்டாள். சின்னதாக ஒன்று. படிகளின் நடுவெளி முழுக்க அது எதிரொலித்தது. கூண்டு அசைந்து இறங்கியது. அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் படியிறங்கினாள், கம்பிகளுக்கு இடையே அவர் முகத்தைப் பார்த்தபடி. அவர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் கிண்டல் செய்துகொண்டு வந்தார். கடைசிப் படிகளை ஓடி இறங்கி முன்னால் போய் நின்றாள்.

கூண்டு வந்தது. நிற்கவில்லை.

"நிறுத்துங்க."

"பட்டனை அமுக்கறேன். அமுக்கிட்டேதான் இருக்கேன்."

அவர் முகம் அவள் இடுப்புக்கு வந்தது. முழங்காலுக்கு. கம்பி வழியே கையை நீட்டினார். அவள் பிடித்தாள். குழி முழுக்க மறுபடி ஈரமாகியிருந்த கான்கிரீட் சத்தமில்லாமல் கூண்டை வாங்கிக்கொண்டது. அவர் விரல்கள் வழுக்கிப் போயின.

கம்பிவடம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

ஆழத்திலிருந்து குரல். "நபீஹா."

"சொல்லுங்க!"

"விளக்கு வெச்சிருக்காங்க."

வடம் நின்றது.

தட்டலும் நின்றது. தெரு முழுக்க. அவள் காத்திருந்தாள். பிறகு லிஃப்டை மேலே அழைக்கும் பட்டனை அழுத்தினாள்.

மோட்டார் முனகியது. ஒரு மனிதனைத் தூக்கும் முனகல் அல்ல. வடம் விறைத்து, நடுங்கி, மெதுவாகச் சுற்றியது. ஈரம் பிளந்தது. முதலில் தலைகள். நிறையத் தலைகள். வெள்ளைத் தூசி படிந்த முடி. நெருக்கி நின்ற தோள்கள். இடுப்பில் குழந்தைகள். பாத்திர மூட்டைகள். யார் முகத்திலும் கோபமில்லை.

கதவு திறந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். படியேறினார்கள். மேலே, அவள் வீட்டுக் கதவு திறந்தது. யாரோ பாத்திரங்களை இறக்கி வைத்தார்கள். ஒரு குழந்தை சிரித்தது.

ஷௌகி இறங்கவில்லை. நாற்காலி இல்லை. இரண்டு காலிலும் நேராக நின்றார். கட்டு இல்லை, புண் இல்லை. முகத்தில் இருந்தவை தூரிகையால் தீட்டிய கண்கள். பெரியவை. கருப்புக் கோடு சுற்றியவை. இமைக்காதவை.

கதவைப் பிடித்தபடி ஓரமாகத் தள்ளி நின்று, அவளுக்கு இடம் விட்டார்.