உப்புக் கணக்கு

மாதையன் நிலவுக் குடியிருப்புக்குக் கட்டவேண்டிய பாக்கி மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு காற்றுக்காசு. அத்தனையும் அவன் உடம்பிலிருந்து உதிர்ந்த தோலுக்கு.

நிலவின் மூன்றாம் குகையில் திங்கட்கிழமை என்றால் உதிர்மானி நாள். இருநூற்றுப் பத்துப் பேரும் அந்த வாரம் போட்ட உள்சட்டையையும் படுக்கை உறையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உதிர்மானி மூட்டையை வாங்கி உதறும், தூசியை உறிஞ்சி எடுக்கும், தோலை மட்டும் பிரித்து நிறுத்து, எடையைச் சத்தமாகச் சொல்லும். பூமியில் மனிதன் உதிர்ப்பதைக் காற்று எங்கேயோ கொண்டுபோய்விடுகிறது. குகையில் போக இடமில்லை. விட்ட மூச்சையே சலித்துத் திரும்ப இழுக்கவேண்டும். தோல் தூள் போய்ச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அதனால் ஆளுக்கு வாரம் பன்னிரண்டு கிராம் வரை இலவசம். அதற்கு மேல் கிராமுக்கு ஒரு காற்றுக்காசு.

"மாதையன். முப்பத்தொரு கிராம்" என்றது உதிர்மானி.

வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வருடம் பார்த்தார்கள், இரண்டாம் வருடம் சிரித்தார்கள், இது எட்டாம் வருடம்.

சல்லடைகளைக் கழற்றி உதறிச் சுத்தம் செய்வதுதான் மாதையனின் வேலை. தன் தோலைத் தானே உதறி, அதற்குக் கூலி வாங்கி, அந்தக் கூலியிலிருந்தே அபராதம் கட்டிவந்தான். கட்டியது போக நின்றதுதான் இந்தப் பாக்கி. பாக்கி உள்ளவனுக்குக் கப்பலில் இடம் கிடையாது என்பது குகையின் சட்டம். கப்பல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். மூன்று கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டன. நான்காவதுக்குப் பதினோரு மாதம் இருந்தது. பென்னாகரத்திலிருந்து மனைவி சின்னபாப்பா மாதம் ஒருமுறை பேசி அனுப்புவாள். எப்போது வருவாய் என்று கேட்பதை அவள் நிறுத்தி வெகுநாளாயிற்று. இப்போதெல்லாம் அரிப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறாள்.

அவனுக்கு இருந்தது செதில்படை. இருபத்தாறு வயதில் முழங்கையில் காசளவு வந்தது, பிறகு முழங்கால், முதுகு, தலை என்று பரவியது. ஒட்டுகிற நோய் இல்லை. குகையில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் சாப்பாட்டுக் கூடத்தில் அவனுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாகவே இருந்தது.

மருத்துவக் கூடத்தில் உறுப்புக்கு ஒரு எந்திரம் உண்டு. தோல்நோக்கி மாதாமாதம் அவனைத் தடவிப் பார்த்து ஒரு குழாய் களிம்பு கொடுக்கும். குளிர்கிறது, காலையில் எழ முடியவில்லை, படிக்கட்டு ஏறினால் கால் கனக்கிறது என்று அவன் சொன்னால், அவை தன் பிரிவில் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடும். யார் பிரிவில் என்று அவன் கேட்டதில்லை. உழைக்கிற உடம்பு ஓய்ந்து போவது எந்தப் பிரிவிலும் வராது என்று அவன் நினைத்திருந்தான்.

வைத்தியம் சொன்னவன் மேஸ்திரி சென்றாயன். ஊர்க்காரன், மாதையனைவிட ஐந்து வயது மூத்தவன். வந்த முதல் வருடமே சொல்லிவிட்டான்.

"களிம்பெல்லாம் மேலுக்குத்தான்டா. சொறிக்கு உப்பு ஆகாது. உப்பில்லாப் பத்தியம் இரு. எங்க சித்தப்பன் மூணு மாசம் இருந்தான், பாம்பு சட்டைய உரிச்ச மாதிரி தேறிட்டான்."

குகையில் சமைப்பதும் எந்திரம்தான். அது உப்பில்லாமல் சமைத்து, தட்டோடு ஆளுக்கு ஒரு உப்புப் பொட்டலம் கொடுக்கும். மாதையன் அன்றிலிருந்து பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் நோய் கேட்கவில்லை. விட்டால் இதுவரை இருந்தது வீணாகும் என்றான் சென்றாயன். வருடங்கள் ஓடின. எடை கூடிக்கொண்டே போனது. நோய் வெளியே தள்ளுகிறது, நல்ல அடையாளம் என்றான் சென்றாயன். உப்பை எறிய மாதையனுக்கு மனம் வரவில்லை. வேளைக்கு ஒன்றாகக் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் போட்டுவந்தான். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகலாம் என்று ஒரு எண்ணம்.

மாட்டிவிட்டது தண்ணீர். குகையில் தண்ணீர் வெளியே போவதில்லை. குடித்தது, கழித்தது, வேர்த்தது எல்லாம் திரும்ப வடிகட்டிக்கு வந்தாகவேண்டும். கொடுத்த உப்பும் அதோடு வரவேண்டும். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் எந்திரத்துக்குக் கையிருப்பன் என்று பெயர். ஏழு வருடத்துக்கு ஒருமுறை அது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும். இந்த முறை ஒரு ஆள் உப்பு குறைந்தது. நான்கு சக்கரத்தில் உருண்டு வந்து, கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, சாக்கை இழுத்துப் போட்டது. ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பொட்டலம்.

பதுக்கல் குற்றத்துக்கு நானூறு காசு சேர்த்தது. பாக்கி நாலாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு ஆயிற்று. மாதையன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். வாதாடக்கூட உடம்பில் தெம்பில்லை.

"ஏன் உண்ணவில்லை?" என்று கேட்டது கையிருப்பன்.

"பத்தியம்ங்க."

"அந்தச் சொல் என் பட்டியலில் இல்லை."

"சொறிக்கு உப்பு ஆகாதுன்னு."

"யார் சொன்னது?"

மாதையன் வாசலில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கூரையைப் பார்த்தான்.

பட்டியலில் இல்லாததைக் கையிருப்பன் அப்படியே விடாது. ஏழு வருடம் உப்புத் தின்னாத மனிதனைப் பற்றி என்ன தெரியும் என்று மருத்துவக் கூடத்து எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கேள்வி அனுப்பியது. தோல்நோக்கி, தோல் வறண்டிருக்கிறது, ஏற்கெனவே தெரிந்ததுதான் என்றது. இருதயநோக்கி மெதுவாக அடிக்கிறது என்றது. தொண்டைநோக்கி மட்டும் ஆளை உடனே கூட்டிவரச் சொன்னது.

ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தது. பிறகு கழுத்தைத் தொட்டது.

"உங்கள் குரல் முன்பும் இப்படித்தானா?"

"இல்லீங்க. முன்னெல்லாம் நல்லாக் கூப்புடுவேன்."

"குளிர், சோர்வு, முகவீக்கம். இதையெல்லாம் நீங்கள் யாரிடமும் சொல்லவே இல்லையா?"

"தோலுகிட்டச் சொன்னேன். அது தன் வேலை இல்லைன்னுடுச்சு."

பக்கத்து அறையில்தான் தோல்நோக்கி இருந்தது. நடுவே ஒரு தடுப்பு.

தொண்டைநோக்கி விளக்கியது. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று சொல்வது அதுதான். மாதையனுடையது ஏறக்குறைய நின்றேவிட்டது. அதற்கு அயோடின் வேண்டும். நிலவில் கடலும் இல்லை, மீனும் இல்லை. பூமியிலிருந்து கலந்து அனுப்பும் அந்த உப்பில்தான் இருக்கிறது. செதில்படை உள்ள சிலருக்குச் சுரப்பியிலும் கோளாறு இருப்பதுண்டு என்பதால், முதல் வருடமே ஒரு சொட்டு இரத்தம் பார்த்திருக்கலாம். பத்தியம் மிச்சத்தையும் கெடுத்துவிட்டது. சுரப்பி ஓயவே தோல் காய்ந்தது, காய்ந்த தோல் இன்னும் உதிர்ந்தது.

"படை போய்விடுமா?" என்று மாதையன் கேட்டான்.

"போகாது. கூடவே இருக்கும். ஆனால் இத்தனை கிராம் அதனுடையது இல்லை."

இருபது வருடத்தில் அவனிடம் பொய் சொல்லாத முதல் வைத்தியம் அது.

தினம் ஒரு மாத்திரை, வேளைக்கு ஒரு உப்பு. முதல் நாள் கஞ்சியில் உப்பைப் போட்டு வாயில் வைத்தபோது நாக்கு சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. மாதங்கள் போகப் போக உதிர்மானி முப்பது என்றது, இருபத்து நான்கு என்றது, பதினேழு என்றது. எட்டாம் மாதம் பதினொன்று. வரிசை அன்றைக்குத் திரும்பிப் பார்த்தது. காலைச் சங்கு ஊதுவதற்கு முன் அவன் தானாக எழுந்துகொண்டான். முழங்கையில் பழைய வட்டம் மட்டும் நின்றது.

கணக்கும் மாறியது. தோல் உதிர்வது குகையின் ஏட்டில் சுத்தக்குறைவு என்ற பிரிவில் இருந்தது, அதற்கு அபராதம். சுரப்பி கெடுவது நோய் என்ற பிரிவில் இருந்தது. அதற்கு அபராதம் இல்லை. எட்டு வருடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது அழுக்காக இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றின் பெயர் காகிதத்தில் ஏறியதும் அது நோயாகிவிட்டது. நாலாயிரத்து இருநூற்று நாற்பத்தாறும் தள்ளுபடியாயின. பிடித்த கூலியில் கொஞ்சம் திரும்பியும் வந்தது.

ஆனால் குகை பார்த்தது வேறு. ஏழு வருடம் ஒருவன் வாயைக் கட்டினான், உதிர்வது நின்றது, கடனும் போனது. பன்னிரண்டு கிராமை ஒட்டி நின்றவர்கள், பொடுகுக்காரர்கள், பாதவெடிப்புக்காரர்கள் எல்லோரும் மேஸ்திரியைச் சுற்றிக்கொண்டார்கள்.

மாதையன் சொல்லிப்பார்த்தான். "உப்பு தின்னதாலதாண்ணே கொறஞ்சுது."

"பத்தியம் முடிஞ்சாத்தான்டா உப்பு" என்றான் சென்றாயன். "ஏழு வருசம் இருந்த பலன் இப்பக் கேக்குது. நீ அந்த எந்திரத்தோட பேச்சக் கேட்டுட்டு வந்து பேசற."

சென்றாயனும் பத்தியத்தில் உட்கார்ந்தான். அறுபத்து மூன்று பேர் அவன் பின்னால் உட்கார்ந்தார்கள். தட்டுகளில் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. மாதையன் உதறிய சல்லடைகள் நாளுக்கு நாள் கனத்தன. அவனுக்குத் தெரியும், அது தன் தோல் இல்லை.

கப்பல் வந்த அன்று மாதையனும் சென்றாயனும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒன்றாக வந்தவர்கள், ஒன்றாகப் போவதாகப் பேச்சு. மேஸ்திரி இரண்டு சட்டை போட்டிருந்தான். முகம் ஊதியிருந்தது.

"குளுருதுடா" என்றான். குரல் கரகரத்தது.

"தொண்டைகிட்டப் போய்ப் பாருங்கண்ணே."

"எனக்குத் தொண்டைல ஒண்ணும் இல்ல."

கையிருப்பன் ஏட்டைப் பார்த்தது. "மாதையன், பாக்கி இல்லை, ஏறலாம். சென்றாயன், நாற்பத்தொரு காசு பாக்கி. இடமில்லை."

காலியான பெஞ்சும் மூன்று கப்பலும் மாதையனுக்கு நினைவு வந்தன. மூட்டையைக் கீழே வைத்து, திரும்பி வந்த காசிலிருந்து நாற்பத்தொன்றை எண்ணி வைத்தான்.

மேஸ்திரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் அவன் தொட்டது அன்றைக்குத்தான். "பாத்தியாடா? நான் இருந்த பத்தியம் கைவிடல."

மாதையன் மூட்டையை எடுத்துக்கொண்டான்.

"பாக்கி வந்த காரணம்?" என்று கேட்டது கையிருப்பன். ஏட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"பத்தியம்" என்றான் மாதையன்.

"அந்தச் சொல் இப்போது என் பட்டியலில் இருக்கிறது" என்றது எந்திரம். மனிதர்களின் வழக்கமான செலவுகள் என்ற தலைப்பின் கீழ் அதை எழுதி, கணக்கை முடித்தது.