கை நுழையாத இடைவெளி

ஓடையின் சத்தம் நின்றுவிட்டது. மழை மட்டும் நிற்கவில்லை.

பனி பெய்யவேண்டிய 1995 ஜனவரியில், சுவிஸ் நகரமான கூருக்கு மேலேயுள்ள அந்த மலைக் கிராமத்தில் விடாமல் மழை கொட்டினால் எந்த எஞ்சினியர்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? கூரைகளிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று சரிந்து விழ, விறகுப்புகையும் ஈரச் சாணமும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, ஓடையை ஊருக்கு அடியால் கொண்டுபோகும் புது வெள்ளச் சுரங்கத்தின் கீழ்வாயில், குடையும் சாவியுமாகத் தாமோதரன் நின்றான். அவன் வடிவமைத்த சுரங்கம். உள்ளே டெஸ்மன்ட் இருந்தான்.

டெஸ்மன்ட் மன்னார்க்காரன், ஊராட்சி வேலையாள். "மேல்வாயால இறங்கி ஐஸை இடிச்சுப்போட்டுக் கீழால வாறன். கதவைத் திறந்து வையுங்கோ அண்ணை" என்றிருந்தான். சரிப்பா என்று அனுப்பியது தாமோதரன்தான்.

கதவென்றால் கம்பிக்கதவு. சென்னைக் கால்வாய்களில் குப்பையும் குழந்தைகளும் போகாதபடி நெருக்கமாகக் கம்பி போட்டே பழகியவன், இங்கேயும் ஒரு கை நுழையாத நெருக்கத்தில் போட்டுவைத்தான். குப்பை வரவில்லை. பனிக்கூழ் வந்தது. கம்பிகளில் அப்பிச் சுவராக இறுகிவிட்டது. அதன் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாவி மனுஷன், இதை யோசிக்கவே இல்லையே!

டக். டக். உள்ளேயிருந்து.

"அண்ணை, திறவுங்கோ."

"டெஸ்மன்ட்! இருப்பா, இதோ திறக்கிறேன்!" குடையை எறிந்தான். பூட்டு உறைந்திருந்தது. சாவி வழுக்கியது.

"திறவுங்கோ. குளிருது."

குரலில் மூச்சிரைப்பே இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவன் இப்படியா பேசுவான்? யோசிக்க நேரமில்லை. ஓர் உயிர். தன்னால் போகப்போகிற உயிர். நகம் பிய்ந்தது. சாவி திரும்பியது.

"அண்ணை!"

இது மேலே, சாலையிலிருந்து. நிமிர்ந்தான். மஞ்சள் மழைக்கோட்டில் டெஸ்மன்ட்.

"தண்ணி கூடிப்போச்சு, நான் உள்ள இறங்கேல்லை. நீங்கள் ஆரோட கதைக்கிறியள்?"

தாமோதரன் கதவுப் பக்கம் திரும்பினான். சாவியிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான்.

பனிக்கூழ் அசைந்தது. நெருக்கமான கம்பிகளின் நடுவே வெளுத்த விரல்கள் வந்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

"திறவுங்கோ" என்றது, டெஸ்மன்டின் குரலில்.

மேலே டெஸ்மன்ட் அலறத் தொடங்கியிருந்தான். கதவு மெல்லத் திறந்தது.