ஊசியும் நற்கருணையும்

"ஏங்க, ஊசி போட்டுப் பத்து நிமிஷமாச்சு... தட்டுல கையை வைங்க!"

பிலோமினாளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கணவர் லாசருக்கு அவள் போடுவது கலவை இன்சுலின். அதில் இரண்டு மருந்து. ஒன்று உடனே சர்க்கரையை இறக்கும், மற்றது பகல் முழுக்க இழுத்துப் பிடிக்கும். போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் இந்த மனுஷனுக்கு அது காதில் ஏறாது! பூசையில் தரும் நற்கருணை அப்பத்தைப் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வாங்கிப் பழகியவர். "நான் மட்டும் தின்னுட்டுப் பாவியா உக்காரணுமா?" என்று அடம்பிடிப்பார். அதனால் அவளும் கூடவே சாப்பிட்டாள். சாப்பிட்டதால் நற்கருணை வாங்கவில்லை. நான்கு வருஷமாகக் கோயிலில் இருவருக்கும் கடைசி பெஞ்ச்தான்.

"அப்படி என்ன பாவம் பண்ணினாங்களோ, அண்ணனையும் சேத்து உக்கார வச்சுட்டாங்க" என்பாள் நாத்தனார் பெர்சி.

இன்று மாமியாரின் நினைவுப் பூசை. பெர்சியும் எழுமலையிலிருந்து வந்திருந்தாள். சட்னி எடுக்க உள்ளே போன பிலோமினாள் திரும்பி வந்தபோது லாசரின் தட்டு காலி. அப்பாடா என்றிருந்தது.

பூசையின் நடுவில் லாசருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்க, பெஞ்சிலேயே சரிந்தார்.

"ஐயோ அண்ணே! குத்திக் குத்தியே கொல்லப் பாக்குறீங்களே மதினி! இனி அண்ணன் எங்கூடத்தான் இருக்கும்!"

"என்னை அப்புறம் திட்டு. முதல்ல தண்ணி பாட்டிலை எடு!"

பிலோமினாள் பையிலிருந்த குளுக்கோஸைக் கரைத்து மெல்ல மெல்லப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெளிந்தது.

"அவளை ஒண்ணும் சொல்லாத பெர்சி... இட்லியை நான்தான் ஜன்னல் வழியா கோழிக்குப் போட்டேன். அம்மா பூசைக்காவது நற்கருணை வாங்கணும்னு ஆசை. எனக்காக இவ நாலு வருஷமா வாங்கல..."

"கோழிக்கா!" பிலோமினாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உசுரோட விளையாடுறீங்களே... உங்களை வச்சுக்கிட்டு நான் எம்புட்டுத்தான் மல்லுக்கட்ட!"

நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்த ஃபாதர் இந்தப் பேச்சைக் கேட்டுக் கடைசி பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"நோயாளிக்கு அந்த விரதம் கிடையாதும்மா. கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்கும் கிடையாது."

"இதை நாலு வருஷமா ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே எங்களுக்கு!" என்று பிலோமினாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பெர்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "மதினி... என்னை மன்னிச்சிருங்க மதினி!"

"அழுகையெல்லாம் அப்புறம். அண்ணனுக்கு என் பையில இருக்கிற பிஸ்கட்டைப் பிரிச்சு வை."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பிலோமினாள் ஃபாதர் முன் கைநீட்டினாள். 'ஆமென்' சொல்ல வாய் திறந்தாள்; அழுகைதான் வந்தது. ஃபாதர் அப்பத்தை ஏந்தியபடி அவசரப்படாமல் நின்றார்.