ஓரம் வெட்டிய ஏடுகள்

கதவோரக் கைரேகைக் கருவி கன்னிகாவின் கட்டைவிரலை ஏற்கவில்லை. காலையில் உள்ளே விட்ட கருவிதான், இப்போது வெளியே விடாமல் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. கை கழுவியதில் விரல் ஊறியிருக்கும் என்று முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு.

திருப்பதிப் பல்கலைக்கழக நூலகத்தின் சுவடி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசியின் உறுமலுக்கும் ஏடுகளில் தடவிய புல்தைலத்துக்கும் அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல மெல்ல மேலேறி மூக்கை நிறைத்தது. விளக்கெண்ணெயில் குழைத்த மை, பச்சைக் குழந்தைக்கு இடுகிற மை. இங்கே யார் மை குழைக்கிறார்கள்?

வளாகத்து ப்ளே ஸ்கூலில் மூன்று வயசு மகள் பிரித்திகா காத்திருப்பாள். பூட்டுகிற நேரம். இந்த அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

போன வாரம் நகரியிலிருந்து தனபாக்கியம் என்ற நெசவுக்கார அம்மாள் பரம்பரைச் சுவடிக் கட்டை ஸ்கேன் எடுக்கக் கன்னிகாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஏட்டுக்கு ஏடு, ஓரத்தில் குட்டியாக ஒரு கறுப்பு ரேகை.

"எங்க வூட்ல புள்ள பொறந்தா, பேர் வெக்கிற அன்னிக்கி வெரல்ல மை தடவி இதுல ஒத்தி எடுப்போம்மா. தங்காத புள்ளைங்களும் இதுலதான் கீதுங்க. ஓரத்துல மட்டும் கத்தி வெச்சிடாதே."

"சரிம்மா" என்றாள் கன்னிகா. ஏடோ ஸ்கேனர் தட்டில் அடங்காத நீளம். இரண்டு தடவையாகப் படம் பிடித்து ஒட்ட வேண்டும். யாருக்கு நேரம்? எழுத்தில்லாத ஓரம்தானே என்று பேப்பர் கட்டரில் வைத்து நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

இன்று மத்தியானம் கட்டைப் பார்க்க வந்த தனபாக்கியம் ஏடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் அவள் விரல் நின்றது.

"எம் மூத்தவனுக்கு போட்டோகூட இல்லம்மே. அந்த ரேகை ஒண்ணுதான் இருந்திச்சி. நீயும் புள்ள பெத்தவதானே? வயிறெரிஞ்சி சொல்றேன், அதுங்க உன்ன வுடாதுங்க."

இப்போது கன்னிகா விரலை விளக்கடியில் பிடித்தாள். ரேகை இல்லை. வழவழவென்று, மெழுகு தேய்த்த தரைபோல. அடுத்த விரல். அதிலும் இல்லை. ஐயோ, பத்திலும் இல்லை.

குப்பைக்கூடை சரசரத்தது.

மேஜைக்கடியில் சின்னப் பாதங்கள் ஓடின. கதவுவரை. கதவைத் தாண்டி.

பீப். பச்சை விளக்கு. அவள் தொடவே இல்லை. கருவியின் திரையில் அவள் பேர், அவள் போட்டோ. வெளியே போய்விட்டதாகப் பதிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். தாழ்வாரத்தில் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். அதே புடவை. அதே நடை.

ப்ளே ஸ்கூல் ஆயா சந்தியாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"சந்தியா! யார் வந்தாலும் புள்ளைய அனுப்பாதே!"

"இன்னாக்கா வெளையாட்டு? நீங்களே வந்து கூப்டுகினு போறீங்க. தோ, கேட்டண்டதான் கீறீங்க." சந்தியாவின் குரல் தயங்கியது. "அக்கா... உங்க கூட அத்தினி பச்சப் புள்ளைங்க யாருது? எல்லாம் கை கோத்துக்கினு போவுதுங்க."

கன்னிகா கதவில் அறைந்தாள். கத்தினாள். யாரும் வரவில்லை.

போனில், தூரத்தில், பிரித்திகா சிரித்தாள். யாரையோ "அம்மா" என்று கூப்பிட்டாள்.

நிறையக் குழந்தைகள் சேர்ந்து அவளுக்குப் பதில் சொன்னார்கள்.