மணப்பெண் உடுப்பில் ஒரு செம்பட்டை முடி

“அவ இன்னிக்கே போகணும், மதாம். இல்லேன்னா—”

“மணி பத்தாகுது அகாத், முதல்ல அந்த ஓரத்தைப் பிரிச்சு—”

“—இல்லேன்னா நான் போறேன்.”

தையல்கூடத்தில் முப்பது ஊசிகளும் அப்படியே நின்றன. பத்து வயது மிரேய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டவர்களில் ஒருத்தி அவள் அம்மா எர்மான்ஸ். பாரிஸில் அந்தத் துணிமாளிகையே அவளுடையது. அங்கே தைக்கும் உடுப்பெல்லாம் அவள் யோசித்து வெட்டியவை. மற்றவள் தலைமைத் தையல்காரி அகாத்.

மேசைமேல் மணப்பெண் உடுப்பு கிடந்தது. அதன் கீழ் மடிப்புக்குள் நீளமாக ஒரு செம்பட்டை முடி தெரிந்தது.

கல்யாண உடுப்பில் தன் முடியை வைத்துத் தைத்தால், வருஷத்துக்குள் தனக்கும் கல்யாணம் ஆகும் என்று அங்கே தைக்கும் பெண்கள் நம்பினார்கள். முன்பெல்லாம் அது யார் கண்ணிலும் படாது. இடுப்பை நெரிக்கும் கச்சு, அதன்மேல் நாலு அடுக்குத் துணி. எர்மான்ஸ்தான் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒற்றை அடுக்குப் பட்டுத்துணியைத் தோளிலிருந்து தண்ணீர் மாதிரி விழவிட்டாள். ஊர் சிரித்தது. அப்படி ஓர் உடுப்பில் கல்யாணம் செய்துகொள்ளத் துணிந்த முதல் மணப்பெண் பதினொரு மணிக்கு வருகிறாள்.

அங்கே தைக்கும் பெண்களில் செம்பட்டை முடி ஜொசெத்துக்கு மட்டும்தான். அவள் மறுக்கவில்லை. போர் முடிந்து பத்து மாதமாகியும் போருக்குப் போன தன் காதலன் ரெமியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்றாள். அவன் கடிதம் போட்டால் இந்தத் தையல்கூடத்துக்குத்தான் வரும். தன்னை அனுப்பிவிட்டால் அதை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

மிரேய் மெல்ல மேசையருகே வந்து உடுப்பின் தோளைத் தடவிப் பார்த்தாள்.

“அம்மா, ஓரத்துல பட்டு ஒரே மடிப்பு. தோள்ல நாலு மடிப்பு இருக்கு. மொத்த உடுப்பும் அங்கதான் தொங்குதுன்னு நீங்கதான சொல்வீங்க. அங்க வச்சா தெரியாதுல்ல?”

எங்கே வைத்தாலும் தப்பு தப்புதான் என்றாள் அகாத்.

“ஜொசெத் அக்கா வேற எங்க போய் வைப்பாங்க, அத்தை?”

எர்மான்ஸ் கத்தரிக்கோலை எடுத்துத் தோளில் நாலு தையலைப் பிரித்தாள். ஓரத்திலிருந்த முடியை உருவி எடுத்து அங்கே வைத்தாள்.

அகாத் உடுப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பட்டுத்துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பிறகு தன் கொண்டையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கினாள்.

“தையலை இன்னும் மூடலையே, மதாம்... இதையும் சேத்து வச்சிருங்க.”