வேங்கைக்குக் கை தட்டாதீர்கள்

காலை எழுந்ததும் மரகதவல்லி தன் வலது நுரையீரலைக் கழற்றி, குழாயடியில் அலசி, உதறித் திரும்ப மாட்டிக்கொண்டாள். செவ்வாய்க் கோளில் செம்புழுதி மூக்கு வழியாக உள்ளே போய்ப் படியும். பல் துலக்குகிற கையோடு நுரையீரலையும் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான். யாரும் இதை ஒரு வேலையாக நினைப்பதில்லை. அன்று அவளுடைய கவலையெல்லாம் வேறு. புதுப் பட்டுக்கோட்டை கபடி அணிக்கு ஒரு நல்ல ரெய்டர் கிடைக்க வேண்டும்.

அவள்தான் அந்த அணியின் பயிற்சியாளர். பிடிப்பதில் அவள் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேப்டன் பூங்கோதை கணுக்காலைப் பற்றினால் சுரங்கம் தோண்டும் எந்திரமே நின்றுவிடும் என்று ஊரில் பேச்சு. ஆனால் எதிரணியின் கட்டத்துக்குள் பாடிக்கொண்டே புகுந்து, நாலு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப ஒருவரும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் இறுதிப் போட்டி வரை போய் ஒலிம்பஸ் மலை அணியிடம் உதை வாங்கிக்கொண்டு வருவதே வழக்கமாகிவிட்டது. இந்த முறையும் தோற்றால் ஆடுகளத்தை மூடிய காற்றுக் குமிழியைக் காளான் பண்ணைக்குக் கொடுத்துவிடுவதாக ஊர் மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. அந்தக் குமிழியின் ஒவ்வொரு விரிசலையும் பசை வைத்து அடைத்தவள் மரகதவல்லி. அங்கே காளான் முளைப்பதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

தேடாத கோள் இல்லை. நிலவிலிருந்து ஒருவன் வந்தான். அங்கே பறவையாய்ப் பறந்தவன், இங்கே உள்ள கூடுதல் ஈர்ப்பில் இரண்டு எட்டு வைத்ததும் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். பூமியிலிருந்து ஒருத்தி வந்தாள். நல்ல பலசாலி. உற்சாகமாக ஒரு துள்ளு துள்ளியதில் கூரையில் தலை இடித்து, அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்பினாள். கடைசியில் வியாழனின் துணைக்கோளான கேனிமீடிலிருந்து, பட்டறை வைத்திருக்கும் அருளப்பன் ஓர் எந்திர வீரனைக் கொண்டுவந்து இறக்கினார். அணிக்கு ஓர் எந்திரத்தை விதிகள் அனுமதித்தன. மூச்சுப்பை பொருத்தியிருக்க வேண்டும், பாட்டை விடக்கூடாது என்பதுதான் நிபந்தனை. பெயர் வேங்கை.

முதல் பயிற்சியிலேயே வேங்கை பூங்கோதையின் கைக்கடியில் வழுக்கிப் புகுந்து, நாலு பேரைத் தொட்டுவிட்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. அணி முழுக்கக் கைதட்டியது.

"ஐயோ, என் ராசா! இத்தன நாளா எங்கய்யா இருந்த?" என்று மரகதவல்லி அதன் உலோகக் கன்னத்தைத் தடவினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அருளப்பன் அவளைத் தனியே அழைத்தார். "அக்கா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இதுக்கு ஜெயிக்கிறது, தோக்கிறது எதுவும் தெரியாது. கைதட்டு மட்டுந்தான் தெரியும். எதுக்குத் தட்டுறோமோ அதையே திரும்பச் செய்யும்."

வேங்கையின் மார்புக்குள் 'ஆரவார உணரி' என்றொரு கருவி இருந்தது. தத்தி நடக்கும் குழந்தை சுற்றி நிற்பவர்களின் கைதட்டலில் நடை பழகுவதைப் போலவே, அது கபடி பழகியிருந்தது.

"தப்பான நேரத்துல தட்டிட்டா?"

"அதையும் கத்துக்கும். போட்டி வரைக்கும் வெளிய காட்டாதீங்க."

மரகதவல்லி அப்படியே செய்திருப்பாள். அணி நிர்வாகக் குழுத் தலைவர் தில்லைநாயகம் விட்டால்தானே! ஊர் மன்றத்திலும் உறுப்பினரான அவருக்கு விழா என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நம்ம ஊருக்கு வந்த பிள்ளைய வரவேற்க வேணாமா?"

"ஜெயிச்சப்புறம் வெச்சுக்கலாமே, ஐயா."

"ஜெயிச்சா பாராட்டு விழா. இது வரவேற்பு விழா. ரெண்டையும் போட்டுக் குழப்பாதம்மா!"

குமிழியின் உச்சியைத் தொடுகிற உயரத்தில் வேங்கைக்குக் கட்அவுட் வைத்தார்கள். பூ விளையாத ஊர் என்பதால் கீரைக் கட்டுகளைத் தொடுத்து ஆளுயர மாலை போட்டார்கள். திறந்த வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோனார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடும்படி தில்லைநாயகமே அதன் இரு கைகளையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். ஊரே விசிலடித்து அதிர்ந்தது. நாலு பேரைத் தொட்டதற்குக் கிடைத்தது ஓர் அணியின் கைதட்டல். சும்மா நின்று கும்பிட்டதற்கு ஓர் ஊரின் கைதட்டல். வேங்கை கணக்கில் கெட்டி.

இறுதிப் போட்டியன்று குமிழியில் மூச்சு விட இடமில்லை. முதல் முறையாக வேங்கை பாடிக்கொண்டு எதிர்க் கட்டத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. வேங்கை கட்டத்தின் நடுவில் நின்றது. பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே கைகூப்பியது. ஒலிம்பஸ் அணியினர் ஒரு கணம் திகைத்துவிட்டு, அதை அலுங்காமல் தூக்கிக் கீழே வைத்தார்கள்.

"என்னா அடக்கம் பாருங்க!" என்று தில்லைநாயகம் உருகினார். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. அடுத்த முறையும் கும்பிடு, அதற்கடுத்த முறையும் கும்பிடு. மரகதவல்லி விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மானத்தைக் காப்பாற்றியது பூங்கோதைதான். எதிரணியில் பாடி வந்தவர்களையெல்லாம் கணுக்காலைப் பிடித்து மடக்கி மடக்கி, எப்படியோ புள்ளிகளைச் சமநிலைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடைசிப் பாட்டு புதுப் பட்டுக்கோட்டையுடையது. களத்தில் தெம்போடு நின்றது வேங்கை மட்டுமே.

மரகதவல்லி ஓடிப்போய் அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்கினாள்.

"உங்க கால்ல விழுறேன், யாரும் தட்டாதீங்க! அது ஆளைத் தொட்டு, கோட்டைத் தாண்டி வந்தப்புறம் தட்டுங்க. அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருங்க!"

குமிழி அடங்கியது. வேங்கை உள்ளே போய்க் கைகூப்பியது. சத்தமே இல்லை. இன்னொரு பக்கம் திரும்பிக் கும்பிட்டது. அங்கேயும் இல்லை. அதன் உணரி தடுமாறி, பழைய பாடங்களைப் புரட்டியது. சட்டென்று அது குனிந்தது. இடது மூலையில் ஒருவனைத் தொட்டது. பாய்ந்த இரண்டு பேரை உதறிவிட்டு இன்னொருவனைத் தொட்டது. அடுத்தவன் தலைக்கு மேல் தாண்டியது! மரகதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நடுக்கோடு இதோ, இன்னும் ஒரே எட்டு!

யார் முதலில் தட்டினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தில்லைநாயகம் என்பதுதான் பலருடைய சந்தேகம். ஒரு கை தட்டியதும் ஊரே தட்டியது. இத்தனை நேரம் அடக்கிவைத்த சந்தோஷம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

வேங்கை நின்றது. நடுக்கோட்டுக்கு ஓர் எட்டு முன்னால், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நெஞ்சு நிறையக் கைகூப்பியது. ஒலிம்பஸ் அணி மொத்தமாக அதன்மேல் விழுந்தது.

ஒரே புள்ளியில் கோப்பை போனது. மரகதவல்லி அன்று அழுத அழுகையில் புழுதி படிந்த நுரையீரலை இரண்டு தரம் அலச வேண்டியிருந்தது.

ஊர் வேங்கையைக் கோபித்துக்கொள்ளவில்லை. "தோத்தாலும் என்னா பணிவு!" என்றுதான் பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்த ஊர் மன்றத் தேர்தலில் தில்லைநாயகமே அதன் பெயரை முன்மொழிந்தார். ஊரில் பதிவு பெற்ற எந்திரங்களுக்கும் அங்கே நிற்கும் உரிமை உண்டு. வண்டியில் நின்று கும்பிட்டதைத் தவிர வேங்கை வேறெதுவும் செய்யவில்லை. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து மன்றத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தது.

காளான் பண்ணை ஆணை அதன் மேசைக்குப் போன அன்று மரகதவல்லி மனுவோடு வரிசையில் நின்றாள். உள்ளே போனதும் மனுவை எடுத்து வைத்தாள். வேங்கை கும்பிட்டது. அவள் அசையவில்லை. காளான் ஆணையை அது எடுத்தது. அப்போதும் சும்மா இருந்தாள். அது ஆணையை ஓர் ஓரமாகத் தள்ளியபோது லேசாக ஒரு தட்டு. அதன் விரல் மனுவின் பக்கம் நகர்ந்தபோது இன்னும் கொஞ்சம். கையெழுத்து முழுதாக விழுந்து, பேனா மேசையைத் தொட்ட பிறகுதான் கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

ஆடுகளம் பிழைத்தது. வெற்றிச் சிரிப்போடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்த வரிசை, மனுக்களை மடித்துப் பையில் போட்டுவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அடுத்து நின்றவர் காளான் பண்ணைக்காரர். அவர் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.